விரக்தி அன்று, முட்டுப்பாடு

காந்தவியலில் வழங்கும் 'ஃப்ரஸ்ட்ரேஷன்' என்ற கலைச்சொல்லை 'விரக்தி' என்று பெயர்த்துவிடத் தோன்றும். நாம் அதற்கு உடன்படோம். விரக்தி மனத்துக்கு உரியது. அதன் பழம்பொருளோ பற்றின்மை. கல்லுக்கு ஏது மனம்?

சிலி நாட்டில் கிடைத்த பச்சைநிறத் தாமிரக் கனிமம் ஒன்று, பிரிட்டிஷ் அருங்காட்சியகக் கனிமவியலாளர் ஹெர்பர்ட் ஸ்மித்தின் பெயரால் 'ஹெர்பர்ட்ஸ்மித்தைட்' என 2004இல் விவரிக்கப்பட்டது. அதன் தாமிர அயனி ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். அண்டையிலுள்ள இரண்டும் எதிரெதிர்த் திசை நோக்க விழைகின்றன. இருவர்க்கு இது எளிது. முக்கோணத்தின் முனைகளில் நிற்கும் மூவர்க்கு? ஒருவர் மேலும் மற்றவர் கீழும் நோக்கினால், மூன்றாமவர் எப்படித் திரும்பினாலும் ஒருவரோடு பிணக்கு. ஜெரார் துலூஸ் 1977இல் எழுதிய கட்டுரையின் வழி நிலைபெற்ற அச்சொல் குறிப்பது இதைத்தான். வழி முட்டி நிற்றல். 'முட்டுப்பாடு' என்று நம்மிடம் சொல் இருக்கிறதே!

முனையொட்டிய இம்முக்கோணங்களுக்கு நடுவே அறுகோண வெளிகள். ஜப்பானியர் மூங்கிற்கூடைப் பின்னலின் பெயரால் இதைக் 'ககோமே' என்பர். ககோ கூடை, மே கண். வலைக்கண், சல்லடைக்கண் என்று துளையைக் கண்ணாகக் கண்ட தமிழில் 'கூடைக்கண் அமைப்பு' இயல்பாகவே பொருந்துகிறது.

சொல்லைப் பற்றி இத்துணை வலியுறுத்தக் காரணம் உண்டு. 'விரக்தி' என்று படிக்கும் மாணவர், பொருள் சோர்ந்து ஓய்ந்ததாகவே எண்ணுவார். நிகழ்வதோ நேர்மாறு. இக்கனிமத்தில் காந்தங்களுக்கிடையிலான விசையின் அளவு ஏறத்தாழ 200 கெல்வின். பிற பொருள்களாயின் அவ்வெப்பநிலையை ஒட்டியே அணிவகுத்து உறைந்திருக்கும். இதுவோ 0.05 கெல்வின் வரை குளிர்வித்தும் உறையவில்லை. இணை சேர்வதும் இணை மாறுவதுமாக ஓயாத இத்தகைய நிலையை, முக்கோண அமைப்பை முன்வைத்து, ஃபிலிப் ஆண்டர்சன் 1973இலேயே கருதிப் பார்த்தார். 'குவாண்டம் தற்சுழற்சித் திரவம்' என்பது அதன் பெயர். 2012இல் வெளியான நியூட்ரான் சிதறல் ஆய்வு அதற்கு வலுவான சான்று தந்தது.

ஆயினும் 'கண்டுபிடித்தாயிற்று' என்று பறைசாற்ற நமக்குத் துணிவில்லை. தாமிரத் தளங்களைப் பிரிக்கும் துத்தநாகத்தின் இடங்களில் ஓரளவு தாமிரமும் புகுந்துவிடுகிறது. குளிர்நிலை அளவீடுகளில் எது திரவத்தின் குரல், எது இவ்வழையா விருந்தாளியின் குரல் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.