வண்டிக்குள் ஒரு கழிப்பறை: உரமா? தொட்டியா?

சாரல் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் வேன்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு. கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்கு. இந்த வேன்களில் இன்று ஏசி இருக்கிறது, டிவி இருக்கிறது, காது கிழியும் பாட்டு இருக்கிறது. இல்லாத ஒரே பொருள் கழிப்பறை! விடிகிற நேரத்தில் வண்டி ஓரங்கட்டும் இடமெல்லாம் பெரும்பாலும் ஒரு குளத்தங்கரையாகவோ, ஓடைக்கரையாகவோ இருப்பது தற்செயல் அல்ல. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பெண்கள் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் இது "அசிங்கமான" விஷயம்.

பேசித்தான் ஆக வேண்டும். காரணம், வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் சுற்றுலா நம் பக்கமும் வந்துவிட்டது. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. தமிழகத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி இங்கே அபூர்வம்தான். ஆனால் டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் வைத்துக்கொள்வது இனி அபூர்வமாக இருக்காது.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் ஒரு குடும்பம் அப்படி ஒரு வண்டி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். வண்டிக்குள் எந்தக் கழிப்பறை வைப்பது? உரக் கழிப்பறையா, வழக்கமான தொட்டிக் கழிப்பறையா? இதுதான் கேள்வி.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

வழக்கமான கழிப்பறையில் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து ஒரு தொட்டிக்குள் போய் விழும். தொட்டி இரண்டு விதம். ஒன்று, வண்டிக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்தியது. குழாய் மாட்டித்தான் காலி செய்ய வேண்டும். இன்னொன்று, பெட்டி போல வெளியே உருவிக் கையில் தூக்கிப் போகக்கூடியது; இதைக் கேசட் என்கிறார்கள், கிட்டத்தட்ட 20 லிட்டர் பிடிக்கும். நாற்றம் வராமலிருக்க ஒரு மருந்து ஊற்றுவார்கள். பழைய மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிரிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். இப்போது அது இல்லாத மருந்துகளும் கிடைக்கின்றன.

உரக் கழிப்பறையின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: சிறுநீரையும் மலத்தையும் சேரவே விடக்கூடாது. முன்பக்கத்துப் பள்ளத்தில் விழும் சிறுநீர் தனிக் குடுவைக்குப் போகும். பின்பக்கம் விழுவது தேங்காய் நார்த்தூள் நிரப்பிய வாளிக்குப் போகும். ஒரு சின்ன மின்விசிறி ஈரக்காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் கலந்தால்தான் அந்தக் குடலைப் பிடுங்கும் நாற்றம். தனித்தனியாக இருந்தால் ஈர மண் வாசனைதான் இருக்கும். தண்ணீரும் தேவையில்லை. நார்த்தூளுக்கோ தென்காசிப் பக்கம் அலைய வேண்டியதே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம்

காமர்ஸ் படிப்பில் ஒரு பொருளின் விலையை மட்டும் பார்க்காதே, அதை வைத்திருக்க ஆகும் செலவையும் பார் என்பார்கள். அந்தப் பாடம் இதற்கும் பொருந்தும்.

ஒரு ஆள் நாளைக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். நாலு பேருக்கு 5 லிட்டர். ஆளுக்கு 5 தடவை, தடவைக்கு அரை லிட்டர் என்று சிக்கனமாகத் தண்ணீர் விட்டாலும் 10 லிட்டர். கால் கழுவ ஆளுக்கு 1 லிட்டர், அது 4 லிட்டர். மிச்சத்தையும் சேர்த்தால் நாளைக்கு 20 லிட்டர். அதாவது கேசட்டைத் தினமும் காலி செய்ய வேண்டும், 20 கிலோ கனத்தைத் தூக்கிக்கொண்டு! அடியில் பொருத்திய 100 லிட்டர் தொட்டி என்றால் 5 நாள் வரும். ஆனால் வீட்டில் செய்வது போல ஒரு தடவைக்கு ஒரு வாளி ஊற்றினால் ஒரே நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டி 100 கிலோ. மலைப்பாதையில் அதையும் இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

உரக் கழிப்பறையில் மல வாளி கிட்டத்தட்ட 60 தடவை தாங்கும். நாலு பேருக்கு இரண்டு வாரம். சிறுநீர்க் குடுவை 8 லிட்டர் என்றால் ஒன்றரை நாளுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் தண்ணீர்ச் சுமை இல்லை, மருந்துச் செலவும் இல்லை.

இவ்வளவையும் பார்த்தால் உரக் கழிப்பறைக்கே ஓட்டு விழும். மேலை நாட்டுப் பயணிகள் பலர் அதைப் புகழ்வதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அவர்கள் கணக்கில் ஒன்று கிடையாது. அவர்கள் காகிதத்தால் துடைக்கிறார்கள். நாம் தண்ணீரால் கழுவுகிறோம்!

முசிறி கற்றுத்தந்த பாடம்

உலர்ந்திருக்க வேண்டிய வாளிக்குள் தினமும் 4 லிட்டர் தண்ணீர் போனால் என்ன ஆகும்? உரம் ஆகாது, சேறுதான் ஆகும். பூச்சி பிடிக்கும், நாறும். இதற்கு வழி கண்டவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2000-களிலேயே சூழல் கழிப்பறைகளைக் கட்டியது. அந்தப் பீங்கானில் சிறுநீருக்கு ஒரு வழி, மலத்துக்கு ஒரு குழி, கால் கழுவத் தனியாக ஓர் இடம். கழுவிய தண்ணீர் செடிகளுக்குப் போகும். மலத்தின் மேல் சாம்பல் தூவுவார்கள். அங்கே பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தியவர்களுக்குத் தடவைக்கு 10 பைசா கொடுத்ததும் உண்டு. ஊரெல்லாம் கழிப்பறைக்குக் காசு வாங்கும்போது அங்கே காசு கொடுத்தார்கள்! சேர்ந்தது உரம், அதாவது சரக்கு என்ற எண்ணம்தான் காரணம். அந்த நிறுவனத்தை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் முசிறியில் நிலம் இருந்தது, வாழைக்கன்று இருந்தது. வண்டியில் என்ன இருக்கிறது? கழுவிய தண்ணீருக்கும் ஒரு தனித் தொட்டி வைக்க வேண்டும். அதுவும் கிருமி கலந்த தண்ணீர்தான். போகிற போக்கில் சாலையோரம் திறந்துவிட முடியாது. ஆக, தொட்டியே வேண்டாம் என்று உரக் கழிப்பறைக்குப் போனவர் மறுபடி தொட்டியிடமே வந்து நிற்கிறார். போதாததற்கு, குற்றாலச் சீசனில் காற்றே ஈரம். வாரக்கணக்கில் சாரல் அடிக்கும் ஊரில் நார்த்தூள் காய்வது கஷ்டம்.

இன்னொரு உண்மையையும் விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. வண்டிக்குள் இருக்கும் உரக் கழிப்பறையில் உரம் தயாராவதே இல்லை! இரண்டு வாரத்தில் மலம் காய்கிறதே தவிர, மக்குவதில்லை. நாக்குப்பூச்சி முட்டைகள் அதற்குள் சாவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பிறகே பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ம் ஆண்டு வழிகாட்டுதல். எனவே வண்டியிலிருந்து எடுத்த வாளியை நேராகத் தக்காளிச் செடிக்குக் கொட்டுவது உரமிடுவது ஆகாது; நோயைத்தான் நடுகிறோம்.

ரயில் சொல்லும் கதை

ஓடும் வண்டியில் கழிப்பறை என்ற சோதனையை உலகிலேயே பெரிய அளவில் செய்து பார்த்தது நம் ரயில்வேதான். பல தலைமுறைகளாக ரயில் கழிப்பறைக்கு அடியில் தொட்டியே கிடையாது. எல்லாம் தண்டவாளத்தில்தான். பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து உயிரிக் கழிப்பறையை உருவாக்கினார்கள். பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் மலத்தைத் தின்றுவிடும். 2016 ஜூலையில் மானாமதுரை - ராமேஸ்வரம் 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் மலம் விழாத நாட்டின் முதல் பசுமைப் பாதையாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு அது பெருமைதான்.

ஆனால் 2017-ல் வந்த மத்திய தணிக்கை அறிக்கை வேறு கதை சொன்னது. சோதித்துப் பார்த்த 25,080 கழிப்பறைகளில் 2016-17 ஒரே ஆண்டில் 1,99,689 குறைகள்! அதில் பாதிக்கு மேல் அடைப்பு. பாட்டில், டீ கப், குட்கா பாக்கெட், துணி என்று கையில் இருந்ததையெல்லாம் உள்ளே போட்டிருக்கிறார்கள். நுண்ணுயிரி என்ன செய்யும், பாவம்! வந்தே பாரத் போன்ற புதிய வண்டிகளில் காற்றால் உறிஞ்சும் கழிப்பறைகள் வந்துவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது தொழில்நுட்பத்தின் தோல்வியை அல்ல. தன்னுடையது என்ற எண்ணம் இல்லாதவர் கையில் எந்த நுட்பமான கழிப்பறையும் தாங்காது. இன்றைக்கு ஏறி நாளைக்கு இறங்கிப் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்ற கவலை எதற்கு?

தூக்குவது யார்?

எல்லாக் கணக்கும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது. வெளிநாட்டில் வண்டிகள் தங்கும் இடங்களில் பொதுவாக தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம் இருக்கும். உரிமையாளரே குழாயை மாட்டிக் காலி செய்வார். இங்கே? "அதுக்கு ஒரு ஆள் இருக்கான்" என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். அந்த ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையால் மலம் அள்ளுவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே தவிர, சாவு நிற்கவில்லை. ஒரு குடும்பத்தின் உல்லாசப் பயணம் அந்த வரிசையில் இன்னொரு வேலையைச் சேர்க்குமானால் அந்தக் கழிப்பறைக்குப் பசுமை என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. லாபம் ஒருவருக்கு, செலவு இன்னொருவர் தலையில் என்றால் அது வியாபாரக் கணக்கில்கூட நேர்மையான கணக்கு அல்ல.

அருவருப்பை உடைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் கழிப்பறைக் குழிக்குள் இறங்கி, மக்கிப்போன உரத்தைத் தன் கையாலேயே அள்ளிக் காட்டினார். பேன்ட் சட்டை போட்ட ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி! உரிய காலம் மக்கவிட்டால் அது வெறும் மண் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல பிரசங்கம் கிடையாது.

அப்படியானால் எது?

வாடகைக்கு விடும் வண்டி என்றால் வழக்கமான தொட்டிதான் சரி. முன்பின் தெரியாதவர்கள் பயன்படுத்தும் கழிப்பறைக்குப் பிரித்தல், தூள் போடுதல், கவனமாகக் கழுவுதல் என்று நிபந்தனை வைத்தால் ரயிலின் கதைதான் திரும்பும். ஃபார்மால்டிஹைடு இல்லாத மருந்து, காலி செய்வது மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்திலோ ஒழுங்கான செப்டிக் டேங்கிலோ மட்டும் என்ற இரண்டு விதிகள் போதும்.

சொந்த வண்டி, சொந்தக் குடும்பம், வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை நிற்க இடம் இருக்கிறது என்றால் உரக் கழிப்பறைதான் மேல். கால் கழுவ முசிறி பாணியில் தனி வழி வேண்டும். வீட்டில் இரண்டு குழி வேண்டும். ஒன்று நிரம்பியதும் ஓராண்டுக்கு மேல் மூடி வைத்துவிட்டு மற்றதைத் திறக்கலாம். வாளியைத் தூக்குவது வண்டி ஓட்டுபவரின் வேலை, அம்மாவின் வேலை அல்ல! இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேசாமல் கேசட்டையே வாங்கிக்கொள்வது நல்லது. குத்துக்கல்வலசைக் குடும்பத்துக்கும் இதுவே பதில்.

மிச்சம் அரசின் வேலை. அருவியில் சோப்புப் போடக் கூடாது, ஷாம்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று தடை இருக்கிறது, நல்லது. அதே தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசி வழியாக ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் தாமிரபரணியில் சேருகிறது. கேரவன் வாருங்கள் என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே, குற்றாலத்தில் வண்டித் தொட்டியைக் கையால் தொடாமல் காலி செய்ய ஓர் இடம் கட்டியாக வேண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

வண்டி வாங்குபவர்கள் எத்தனை பேர் படுக்கலாம், எத்தனை மைலேஜ் கொடுக்கும் என்று கேட்கிறார்கள். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்: "இதை யார் காலி செய்வார்கள்?" அதற்கு "நான்தான்" என்று பதில் சொல்ல முடிந்தவர் எந்தக் கழிப்பறையை வாங்கினாலும் சரிதான். சொல்ல முடியாதவர் லாட்ஜில் ரூம் போட்டுக்கொள்ளட்டும்!