எம்.பி. கையெழுத்தும் கணக்கு வாத்தியார் கடிதமும்

சிபாரிசு என்ற வார்த்தைக்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது. "சிபாரிசில் வந்தவன்" என்றால் தகுதியில்லாமல் வந்தவன் என்றுதான் காதில் விழும். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஒவ்வொரு எம்.பி.யும் ஆண்டுக்கு 10 பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லலாம் என்று ஒரு கோட்டா இருந்தது. 2022-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க ராணுவ அகாடமிகளின் விதி தூக்கிவாரிப் போடும். தரைப்படைக்கு வெஸ்ட் பாயின்ட், கடற்படைக்கு அனாபொலிஸ், விமானப்படைக்கு கொலராடோ ஸ்பிரிங்ஸ். இவற்றில் சேர நல்ல மதிப்பெண், உடல்திறன் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேறினாலும் போதாது. கூடவே ஒரு நாமினேஷன் வேண்டும். அதைத் தருபவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? சாட்சாத் அந்த ஊர் எம்.பி.க்கள்தான்!

கிடைப்பதும் லேசான விஷயமல்ல. நாலு வருடப் பட்டப்படிப்பு, கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் கைச்செலவுக்கும் பணம். பதிலுக்கு, படித்து முடித்ததும் குறைந்தது 5 வருடம் அதிகாரியாக வேலை பார்க்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்தை நினைத்தாலே தலைசுற்றும் நாட்டில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது தலையெழுத்தையே மாற்றும் வாய்ப்பு.

முறை இதுதான். ஒவ்வொரு செனட்டருக்கும், ஒவ்வொரு பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கும், ஒவ்வொரு அகாடமியிலும் ஒரே நேரத்தில் 5 இடங்கள். ஒரு இடம் காலியானால் அவர் பல பெயர்கள் கொண்ட பட்டியல் தரலாம். மாணவர் தன் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், தன் தொகுதி உறுப்பினர், துணை ஜனாதிபதி என்று நாலு கதவையும் தட்டலாம். ராணுவத்தில் நீண்ட காலம் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஜனாதிபதி பெயரில் தனி வழி உண்டு.

ஏன் இப்படி வைத்தார்கள்? வெஸ்ட் பாயின்ட் 1802-ல் தொடங்கியது. பெரிய இடத்துப் பிள்ளைகள்தான் உள்ளே போகிறார்கள் என்ற புகார் கொஞ்ச காலத்திலேயே எழுந்தது. தொகுதிக்கு ஒருவர் என்ற வழக்கத்தை 1843-ல் சட்டமாகவே ஆக்கினார்கள். அதிகாரிகள் எல்லோரும் நாலு பணக்கார ஊர்களிலிருந்தே வரக்கூடாது, மூலை முடுக்கிலிருந்தும் வரவேண்டும் என்பது நல்ல எண்ணம்தானே.

ஆனால் கையெழுத்துப் போடுபவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியுமா? 1839-ல் ஒஹாயோவின் தாமஸ் ஹேமர் ஒரு பையனின் பெயரை அனுப்பினார். பையனின் அப்பாவோடு அவருக்கு அரசியலால் மனஸ்தாபம். ஆனாலும் அனுப்பினார், என்ன, பெயரைத்தான் தப்பாக எழுதிவிட்டார். ஹிராம் யுலிசஸ் கிராண்ட், யுலிசஸ் எஸ். கிராண்ட் ஆகிப்போனார். பின்னால் உள்நாட்டுப் போரில் வென்று ஜனாதிபதி ஆனபோதும் அந்தத் தப்பான பெயர்தான்.

பெயரே சரியாகத் தெரியாதவர் குணத்தை எப்படிச் சொல்வார்? அதற்குத்தான் ஆசிரியர்களின் கடிதம். அனாபொலிஸ், ஆங்கில ஆசிரியரிடமும் கணக்கு ஆசிரியரிடமும் கருத்துக் கேட்கிறது. எம்.பி. அலுவலகங்களும் பொதுவாகத் தனியாகக் கடிதங்கள் கேட்கின்றன, பலர் நேர்முகமும் வைக்கிறார்கள். இங்கேதான் பல பெற்றோர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பெரிய மனிதர் யாராவது எழுதித் தந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மாணவரைப் பார்த்தே இராத மேயர் "மிகச் சிறந்த மாணவர்" என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? கணக்கில் தோற்ற பையன் தினமும் பள்ளி விட்டபின் உட்கார்ந்து படித்துத் தேறினான் என்று வாத்தியார் எழுதும் இரண்டு வரிக்கு எடை அதிகம்.

ஐசனோவர் கதை இன்னும் பொருத்தம். கான்சாஸின் அபிலீன் என்ற சிறிய ஊரில் பால்பண்ணைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன். இப்படி ஒரு வழி இருப்பதையே அவருக்குச் சொன்னது நண்பர் எவரெட் ஹாஸ்லெட். 1910-ல் செனட்டர் பிரிஸ்டோவுக்கு எழுதிப் போட்டார். ஊரில் அவரை அறிந்த முக்கியஸ்தர்களிடம் போய்க் கடிதம் வாங்கினார். பிரிஸ்டோ வைத்த தேர்வை எழுதி இரண்டாவதாக வந்தார். 1911-ல் வெஸ்ட் பாயின்ட்டில் சேர்ந்தார். செல்வாக்கு இல்லாத வீடுதான். ஆனால் விஷயத்தைச் சொல்ல ஒரு நண்பன் இருந்தான். அந்த நண்பன் இல்லாவிட்டால்?

இன்றைக்கும் இந்த முறையின் பெரிய ஓட்டை லஞ்சமோ கட்சியோ அல்ல. விஷயம் போய்ச் சேராததுதான். அப்பாவோ மாமாவோ ராணுவத்தில் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அகாடமிக்கு ஒரு விண்ணப்பம், எம்.பி.க்கு வேறொரு விண்ணப்பம் என்பது மற்ற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்போது கெடு தாண்டியிருக்கும். ஒரே ஆலோசகர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் பள்ளியில் யார் எடுத்துச் சொல்வது?

இரண்டாவது ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. எம்.பி. விரும்பினால் பட்டியலில் ஒருவரை முதன்மை என்று குறிக்கலாம். அவர் அடிப்படைத் தகுதி பெற்றுவிட்டால், அதே பட்டியலில் அவரைவிடக் கெட்டிக்காரர் இருந்தாலும் இடம் முதன்மைக்குத்தான். குறிக்காமல் விட்டால் அகாடமியே எல்லோரையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது முறையையே கட்டாயமாக்குவதில் என்ன கஷ்டம்?

நாமினேஷனையே தூக்கிவிடலாமே என்று கேட்கலாம். நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல்படை அகாடமி அது இல்லாமல்தான் நடக்கிறது. இந்தியாவில் கடக்வாஸ்லா போகவும் யூ.பி.எஸ்.சி. தேர்வும் எஸ்.எஸ்.பி. நேர்முகமும் போதும், எந்த எம்.பி.யையும் பார்க்க வேண்டியதில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் போட்டி என்று வைத்தால் நல்ல பள்ளிகள் இருக்கும் ஊர்களே இடங்களை அள்ளிக்கொண்டு போகும். தொகுதிக்கு இத்தனை என்ற கணக்கு இருப்பதால்தான் ஒரு குக்கிராமத்துக்கும் பங்கு கிடைக்கிறது. அதனால் கணக்கு இருக்கட்டும், முதன்மை என்று ஒருவரைக் குறிக்கும் அதிகாரம் போகட்டும். கூடவே தொகுதியில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் வருடா வருடம் தகவல் சொல்வதை எம்.பி.யின் கடமையாக்கட்டும்.

அதுவரை மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பு முடியும் முன்பே எம்.பி. அலுவலகத்தில் கெடு தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது. பிறகு, பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்காமல், தன்னைத் தெரிந்த வாத்தியாரிடம் ஒரு மாதம் முன்னாலேயே போய்க் கேட்பது. அந்தக் கடிதத்தில் பெயராவது சரியாக இருக்கும்!