குளம் வெட்ட முதல் ஒரு மாரி பொறுங்கோ

வீட்டு வளவுக்குள்ள சின்னக் குளம் வைக்கிற ஆசை எங்கட வயசுக்காரர் கனபேருக்கு வந்திருக்கு. நல்ல ஆசைதான். ஆனா யூரியூப்பில ஒரு வீடியோ பார்த்திட்டு அடுத்த சனிக்கிழமையே மண்வெட்டியோட இறங்குறதுதான் பிழை எண்டு நான் நினைக்கிறன். எவ்வளவு ஆழம், என்ன மீன் எண்டெல்லாம் கேக்கிறவை, எங்க வெட்டுறது எண்டு கேக்கிறேல்லை. முன்வாசல்தான், வாறவைக்குத் தெரியோணுமெல்லோ!

நான் வெட்டின முதல் கிடங்கு வளவின்ர ஆகப் பள்ளமான மூலையில. தண்ணி தானா வந்து நிக்கும் எண்ட கெட்டித்தனம். ஐப்பசி மழைக்குத் தண்ணி வந்ததுதான். கூடவே கோழிக்கூட்டுக் கழிவும், தோட்டத்து உரமும், கிணத்தடிச் சவர்க்காரத் தண்ணியும் வந்தது. மீனெல்லாம் வேலிக்குக் கீழால போட்டுது.

யாழ்ப்பாணத்தில இது மீனோட முடியிற கதையில்லை. எங்கட மண்ணுக்குக் கீழ வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். கிடங்கில தேங்கிற அழுக்கு வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில கலக்கலாம், அதைத்தான் கிணத்தில அள்ளிக் குடிக்கிறம். அதனால குளம் கொஞ்சம் மேடான இடத்தில, மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் தள்ளி இருக்கோணும். விளிம்பை நாலு விரல் உயர்த்திக் கட்டி, நிரம்பி வழியிறதை வாழைக்கு விடலாம்.

மாமரத்துக்குக் கீழ குளிர்ச்சிதான். ஆனா விழுற இலை அடியில அழுகி, தண்ணியில இருக்கிற ஒட்சிசனை உறிஞ்சிப்போடும். வேர் சீமெந்தையும் வெடிக்க வைக்கும். காலை வெயில் பட்டு, பின்னேரம் நிழல் விழுற இடம் பாருங்கோ. அல்லி பூக்க வெயில் வேணும்.

நுளம்பு வரும் எண்டு வீட்டில தடுப்பினம். அவை சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஒரு கிழமை, பத்து நாள் காணும். நுளம்பு பெருக விட்டா 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கும் வரும். கப்பி மீன் நிக்கிற குளத்தில குடம்பி மிஞ்சுறது கஷ்டம். உண்மையான ஆபத்து, ஆசை தீர்ந்தாப்பிறகு கைவிட்டு, மீன் செத்து அரைவாசி வத்தின குளம்தான்.

அதுக்குத்தான் கோடையில என்ன செய்யப்போறம் எண்ட கணக்கை முதலே போடவேணும். ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் எண்டா கிட்டத்தட்ட 1000 லீற்றர். வெயிலுக்கு நாளுக்கு அரைச் சென்ரிமீற்றர் வத்தினாலே 11 லீற்றர், ஒரு பெரிய வாளி. கிணறு உவராகிற ஊரில இருக்கிறவை இதைவிடச் சின்னனாத்தான் யோசிக்கோணும். ஆவுரஞ்சிக்கல்லுக்குப் பக்கத்தில தொட்டி கட்டின எங்கட பழைய ஆக்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணி வைச்சவை, அதுவும் அளவான தொட்டிதான்.

சின்னப் பிள்ளையள் உள்ள வீடெண்டா குசினி யன்னலால தெரியிற இடம் மட்டும்தான், அதுவும் வலை போட்டு. ஒரு அடித் தண்ணியும் பிள்ளைக்கு ஆழம்தான். இதில வடிவு பாக்காதேங்கோ.

நான் ரெண்டாந்தரம் இன்னும் வெட்டேல்லை. கறிவேப்பிலைக்கு அங்கால நாலு தடி நட்டுக் கயிறு கட்டியிருக்கு. வெயில் எப்ப வருது, மழைத் தண்ணி எந்தப் பக்கத்தால ஓடுது எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அம்மம்மா அதில சீலை காயப்போடுறா.