சைக்கிளுக்கு மார்க் உண்டா சார்?

‘எங்க பசங்களுக்கு இங்கிலீஷ் வராது சார்.’ புதுக்கோட்டைப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற புலம்பல் இது. எந்தப் பையனுக்கு? சினிமா வசனத்தை ஒரே தடவை கேட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்கிறானே, அவனுக்கா? சித்தப்பா மெக்கானிக் கடையில் லீவு நாளில் நின்றே கிளட்ச், கார்புரேட்டர், ஸ்பார்க் ப்ளக் என்று பாதி இங்கிலீஷில் பேசுகிறானே, அவனுக்கா?

அறிவு ஒரே வகை அல்ல. மொழி, கணக்கு, இசை, உடல் என்று பல வகை என 1983-ல் புத்தகம் போட்டார் ஹோவர்ட் கார்ட்னர். பி.எட். படித்தவர்கள் அதைப் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். மனப்பாடம் பண்ணித்தான்!

அதற்காக ‘இவன் பாட்டுப் பையன், இவள் படப் பொண்ணு’ என்று பிள்ளைகளுக்கு லேபிள் ஒட்டுவதும் அபத்தம். தன் கருத்து அது இல்லை என்று கார்ட்னரே 2013-ல் மறுத்துவிட்டார். அவருடைய கொள்கைக்கே ஆதாரம் போதாது என்கிற உளவியலாளர்களும் உண்டு. இருக்கட்டும். ஒரு பாடத்துக்கு நாலு வாசல் வைக்க அமெரிக்கக் கொள்கை எதற்கு? 1991-ல் இதே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பாட்டும் நாடகமுமாக எழுத்தைக் கொண்டுபோனது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார்கள். கல்குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கி ஓட்டினார்கள். பி.சாய்நாத் எழுதி ஊர் உலகமே படித்தது.

அந்தப் பெண்களின் பேரப் பிள்ளைகளுக்கு இன்று நாம் தருவது? ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டம், கையில் ‘மினிமம் மெட்டீரியல்’. ஒரு செய்யுள், ரெண்டு பாராகிராஃப், ஒரு லெட்டர். உருப்போடு, பாஸாகு. வாத்தியாரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் மீட்டிங்கில் எழுந்து நிற்கப் போவது அவர்தானே?

வினை பரீட்சையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 கல்வியாண்டில் இரண்டு தாளிலிருந்து ஒன்றானது. நூறு மார்க்கும் எழுத்துக்கே. ஒரு மொழியை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சென்டம் வாங்கலாம்! அறிவியலுக்கு 25 மார்க் செய்முறை உண்டு. மொழிக்குச் செய்முறை பேச்சுதானே? இருபது மார்க் ஒதுக்குங்கள். மெக்கானிக் கடைப் பையன் பஞ்சர் ஒட்டுவதை இங்கிலீஷில் சொல்லட்டும், தப்பும் தவறுமாகவே. நடிக்கத் தெரிந்தவள் நடித்துக் காட்டட்டும்.

‘இஷ்டத்துக்கு மார்க் போட்டுடுவாங்களே’ என்பீர்கள். கெமிஸ்ட்ரி லேபில் மட்டும் என்ன நடக்கிறதாம்?