அலுமினியத்துக்கும் லீவு வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் வேலை பார்க்கும் என் அக்கா பையன் வந்திருந்தான். கர்ச்சீப்பில் சுற்றிய ஒரு சாமானை எடுத்து என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளங்கை அகலத்தில் அலுமினியம் பிராக்கெட். இரண்டாக உடைந்திருந்தது.

"டிரோன்ல கேமரா மாட்டறது மாமா. லேசர் பிரிண்ட். லோடு டெஸ்ட்ல போயிடுச்சு. அடுத்ததும் உடைஞ்சா மெஷினை வித்துடுவேங்கறார் முதலாளி. மெஷினோட நானும் வெளியே."

ரிட்டயர் ஆகும்வரை உலோக லேபில் குப்பை கொட்டியவன் நான். வேறு எங்கே போவான், பாவம்.

'பிரிண்ட்' என்றதும் ஜெராக்ஸ் கடை ஞாபகம் வருபவர்களுக்கு: கோலமாவு மாதிரி அலுமினியப் பொடியைத் தலைமுடியைவிட மெல்லிசாகப் பரப்புவார்கள். லேசர் அதன்மேல் கோலம் போட்டு உருக்கும். மேலே இன்னொரு பரப்பு, இன்னொரு கோலம். இப்படி ஆயிரக்கணக்கில். கடைசியில் பொடியைத் தட்டிவிட்டால் உள்ளே சாமான்.

"பிரிண்ட் ஆனப்புறம் என்னடா செஞ்சீங்க?"

"வழக்கமா செய்யறதுதான். டி-6."

அங்கேதான் வந்தது வினை. டி-6 என்பது ஃபவுண்டரிக்காரர்களின் குலதெய்வம். வார்த்த அலுமினியத்தை 530 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக வைத்து, தண்ணீரில் முக்கி, அப்புறம் 160 டிகிரியில் சில மணி நேரம் போடுவார்கள். வார்ப்பு பலமாகும். ஆனால் இவன் கொண்டுவந்த சரக்கு, பத்து சதவிகிதம் சிலிக்கானும் துளி மெக்னீசியமும் கலந்த அலுமினியம், லேசரில் அச்சானது. அதற்கு எல்லாமே தலைகீழ்.

காரணம், ஆறுகிற வேகம். அச்சில் ஊற்றினால் சாவகாசமாக ஆறும். லேசர் உருக்கிய பொட்டோ நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்கிறது. சிலிக்கானுக்கு ஒதுங்க நேரமில்லை. ஒரு மைக்ரானுக்கும் சின்ன அலுமினிய அறைகளைக் கொசுவலை போலச் சுற்றிக்கொண்டு அப்படியே உறைந்துவிடுகிறது. அந்த வலைதான் பலமே. அச்சானபடியே 400 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுத்தால்தான் அறும். 530 டிகிரியில் வைத்தீர்களோ, வலை அறுந்து சிலிக்கான் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். பலம் 300-ஐ ஒட்டி இறங்கும். போதாததற்கு, பொடியில் ஈரம் இருந்தால் அதிலிருந்து வந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன், அந்தச் சூட்டில் பொத்தல்களைப் பெரிசாக்கும். (பொடியை வடகம் மாதிரி நன்றாக உலர்த்தணும் என்று தனியாகத் திட்டினேன்.)

டி-6-ஐ அடியோடு ஒதுக்கவும் முடியாது. சாமான் உடைவதற்கு முன் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் குணம் ஏறத்தாழ ஒன்றாகும். அது தேவைப்படுகிற இடங்கள் உண்டு. இவனுக்குத் தேவை பலம்.

"அப்ப சூடே காட்டக் கூடாதா?"

காட்டலாம், பதமாக. 160, 170 டிகிரியில் சில மணி நேரம். வலை கலையாது. மெக்னீசியமும் சிலிக்கானும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிந்து இன்னும் கெட்டிப்படுத்தும். உள்ளுக்குள் இருக்கிற இறுக்கம் முழுசாகப் போகாதுதான். அதற்கு, பிரிண்ட் ஓடும்போதே கீழ்த்தட்டைச் சூடாக வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஊறப்போட்டுக் கெட்டியாக்கும் வித்தை ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வில்ம் கண்டுபிடித்தது. 1906-ல் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, ஒரு சனிக்கிழமை சோதித்தாராம். சுமார்தான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தானாகவே கெட்டிப்பட்டிருந்தது! இரண்டு நாள் லீவு விட்டால் உறுதி கூடும் என்பதற்கு உங்கள் மேனேஜரிடம் காட்ட இதைவிட ஆதாரம் கிடைக்காது.

"பேசாம ஏரோப்ளேனுக்குப் போடற 7075-லேயே அடிச்சா?" என்றான் பையன். பேராசை. அது உறைய ஆரம்பிப்பதற்கும் முடிப்பதற்கும் நடுவே நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி. படிகங்கள் ரேஷன் க்யூ மாதிரி நெடுக வளரும். இடுக்கில் மாட்டிய கடைசித் திரவம் சுருங்கும்போது வரிசைக்கு வரிசை விரிசல். 2017-ல் கலிபோர்னியாவில் ஹெச்.ஆர்.எல். ஆய்வகத்தார், பொடியின்மேல் ஸிர்கோனிய நானோ துகள்களை ஒட்டவைத்து இதைச் சமாளித்தார்கள். பனங்கற்கண்டுக்குப் பாகில் நூல் கட்டுகிற மாதிரி. படிகங்கள் அங்கங்கே தொற்றிக்கொண்டு குட்டி குட்டியாக வளர, விரிசல் போச்சு. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அதற்கு அப்புறம் கொடுத்தது டி-6!

"ஸிர்கோனியத்துக்கெல்லாம் முதலாளி கையெழுத்துப் போட மாட்டார் மாமா" என்று பிராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

நேற்று போன்.

"பொடியை உலர்த்தினோம். 165-ல போட்டோம். தாங்கிடுச்சு மாமா."

"முதலாளி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. டீ வாங்கிக் குடுத்தார்."