3 நிமிடம் 36 விநாடி

போன மாசம் எங்கட சேகரிப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றிய பதினொரு பாட்டுகளையும் தயவுசெய்து அழித்துவிடுங்கோ. அவை பிழை. பாடியவர்களின்ர பிழை இல்லை, தட்டுகளின்ர பிழையும் இல்லை. பதிந்த எங்கட பிழை. என்ன நடந்தது எண்டு சொல்லாமல் சத்தமில்லாமல் 'திருத்திய பதிப்பு' ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

மெஷின் ஸ்காபரோவில் இருந்து வந்தது. எங்களில் ஒருவரின் மாமா கப்பலில் அனுப்பிய பெட்டிக்குள், உடுப்புக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில் போர்வை சுற்றி இருந்தது. எழுபதுகளில் செய்த ரெக்கோர்ட் பிளேயர். பெல்ட்டில் ஓடும். 33⅓, 45 எண்டு இரண்டு வேகம். அங்கே 120 வோல்ட், இங்கே 230 எண்டது எல்லாருக்கும் தெரியும். அதனால் ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கிக் கொழுவினோம். தட்டுகள், வடமராட்சியில் ஒரு காலத்தில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட குடும்பம் ஒன்று இரவலாகத் தந்தவை. சினிமாப் பாட்டு, நாதஸ்வரம், இங்கத்தைய பொப் பாட்டுகள் கொஞ்சம்.

முதல் நாளே ஏதோ சோர்வாகத்தான் கேட்டது. பெல்ட் இழுபட்டிருக்கும் எண்டு நினைத்தோம். புது பெல்ட் போட்டோம், அச்சுக்கு எண்ணெய் விட்டோம். அப்பிடியேதான் கிடந்தது. ஆனால் மாமா பெட்டிக்குள் வேகம் பார்க்கிற மட்டையும் வைத்திருந்தார். சுற்றிவரக் கறுப்புக் கோடுகள் போட்ட வட்ட மட்டை. அதைத் தட்டில் வைத்து, ரியூப் லைற் வெளிச்சத்தில் பார்க்க வேணும். வேகம் சரியெண்டால் கோடுகள் அசையாமல் நிற்கும். நிண்டுது. சிலைமாதிரி நிண்டுது. "மெஷின் சரி, பாட்டுத்தான் அப்பிடி" எண்டு முடிவெடுத்து, ஒரே கிழமையில் பதினொன்றையும் பதிந்து அனுப்பிவிட்டோம்.

பிழையைப் பிடிச்சது அம்மம்மா ஒராள். பாட்டுக் கேட்கிற பின்னேரத்துக்குப் பேத்தியோட வந்தவ. 45 தட்டு ஒன்று ஓடுது. பாடியவர் அவவின்ர ஊர்க் கோயில் மேடைகளில் பாடினவராம். கொஞ்ச நேரம் கேட்டுப்போட்டுச் சொன்னா: "உது அவன்ர குரல் இல்லைப் பிள்ளை. காய்ச்சல்காரன் பாடுறமாதிரிக் கிடக்கு." நாங்கள் சிரித்தோம். அவவுக்குக் காது மந்தம் எண்டு ஒருத்தர் மெதுவாகச் சொல்லவும் செய்தார். அந்த ஒருத்தர் இந்தக் கட்டுரை எழுதுற ஆக்களில் ஒருத்தர்தான்.

பிறகுதான் மணிக்கூட்டை வைத்து எண்ணினோம். தட்டின் ஓரத்தில் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி, 33⅓ இல் ஓடவிட்டோம். நூறு சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம் எடுக்க வேணும். எடுத்தது 3 நிமிடம் 36 விநாடி. 216 விநாடிக்கு 180. அதாவது ஆறுக்கு ஐந்து.

ஓ.எல். விஞ்ஞானத்தில் எல்லாரும் 'மீடிறன்' படித்து மறந்தவர்கள். கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், மீடிறனைத் தொடாது. இந்த வகை மோட்டரோ மீடிறனைப் பார்த்துத்தான் ஓடும். 60க்குச் செய்த மோட்டர் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்ற, தட்டு நிமிடத்துக்கு 27.8 சுற்றுத்தான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் கொஞ்சம் கீழே போய்விடுவார். விசையை 45 பக்கம் தள்ளினாலும் சரிவராது. அது 37.5இல் ஓடி, ஆளைக் கீச்சுக் குரலாக்கிவிடும்.

அப்ப மட்டை ஏன் பொய் சொன்னது? அதுதான் எங்களை இன்னும் கரைச்சல்படுத்துற விஷயம். அந்த மட்டை 60 ஹேர்ட்ஸுக்கு அச்சடித்தது, 216 கோடு. 50 ஹேர்ட்ஸ் ஊருக்கு 180 கோடு இருக்க வேணும். எங்கட ரியூப் லைற் விநாடிக்கு 100 தரம் மினுங்கும். 27.8இல் சுற்றும் 216 கோட்டு மட்டையில் விநாடிக்குக் கடக்கிற கோடும் அதே 100தான். மோட்டரையும் லைற்றையும் ஒரே மின்சாரம் ஒரே அளவில் மெதுவாக்கிப் போட்டுது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதை நாங்கள் நம்பினோம். வெளியே நின்ற சாட்சிகள் மணிக்கூடும் அம்மம்மாவும். அவவின்ர பேச்சை நாங்கள் கணக்கெடுக்கவில்லை.

திருத்தம் கொக்குவில் பக்கம் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. மோட்டர் அச்சில் இருக்கிற கப்பியை 20 வீதம் பெருப்பிக்க வேணும். பழையது 10 மில்லிமீற்றர். ஐயா பித்தளையில் 12க்குக் கடைந்து தந்தார். ஓடவிட்டு எண்ணினால் 3 நிமிடம் 2 விநாடி. பெல்ட்டின் தடிப்பையும் கணக்கில் சேர்க்க வேணும் எண்டது அப்பத்தான் விளங்கிச்சுது. இரண்டாவது கப்பி 12.12. நடுவைக் கொஞ்சம் புடைப்பாக விட்டார், "இல்லாட்டி பெல்ட் வழுகி இறங்கிப்போடும் தம்பி" எண்டார். 45க்கான படியும் அதே கணக்குத்தான். எண்ணினோம், 3 நிமிடம். காசு வாங்க மாட்டன் எண்டு நிண்டவருக்கு ஒரு தட்டு போட்டுக் காட்டினோம்.

எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. கப்பிக்கு ஏன் அலைய வேணும், மெதுவாகப் பதிந்து கொம்பியூட்டரில் 1.2 மடங்கு வேகமாக்கினால் சரிதானே எண்டு ஒருத்தர் கேட்கிறார். சுருதி சரியாக வரும், உண்மை. ஆனால் தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்தவற்றைக் கூட்டி வெட்டுவார்கள். அதை ஆம்பிளிஃபயர் திருப்பிச் சமன்செய்யும். தட்டு மெதுவாக ஓடினால் அந்தச் சமன் பிழையான இடத்தில் விழும். அதையும் கொம்பியூட்டரில் திருத்தலாம் எண்டு அவர் சொல்வார். திருத்தலாம்தான். அதுக்கு முதலில் பிழை எண்டு தெரிய வேணும். எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதோட, கொம்பியூட்டருக்குள் மட்டும் சரியாக இருக்கிற பாட்டைப் பத்துப்பேர் ஒரு ஹோலில் கூடி இருந்து கேட்க ஏலாது.

இப்ப எல்லாரும் பழையதைப் பதிந்து ஏற்றுகிற அவசரத்தில் இருக்கிறம். அழிந்துபோம் எண்ட பயம் நியாயமானது, இழந்தது கொஞ்சமில்லை. ஆனால் இங்கே பாடிய சில பேரின்ர குரலுக்கு இந்த ஒரு தட்டுத்தான் மிச்சம். அதை மூன்று சுரம் கீழே பதிந்து பரப்பினால், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அவர் அந்தக் குரல்தான். மறுத்துச் சொல்ல அம்மம்மா இருக்கமாட்டா. எந்த மெஷின், எந்த வேகம், ஆர் எண்ணிப் பார்த்தது எண்டு ஒரு வரி எழுதாமல் இனி ஒன்றும் ஏற்றுவதில்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம். மற்றச் சேகரிப்பாளர்களிடமும் இதையே கேட்கிறம். ஊசியைத் தொட முதல் நூறு சுற்று எண்ணுங்கோ.

பதினொன்றில் எட்டைத் திருப்பிப் பதிந்தாச்சு. மற்ற மூன்றின்ர தட்டுகளையும் குடும்பத்தார் திருப்பி வாங்கிப்போட்டினம், கேட்டுக்கொண்டு இருக்கிறம். 78 சுற்றுத் தட்டுகளும் ஒரு பெட்டி கிடக்கு. அதுக்கு அகலமான ஊசி வேணும், வேற மெஷினும் வேணும். ஆரிடமும் இருந்தால் சொல்லுங்கோ. கனடாவில் இருந்து வந்ததெண்டாலும் பரவாயில்லை, கப்பி கடைய ஆள் இருக்கு.