குரலா, விக்கிரகமா?

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழரின் முன்னோர் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியமையை நினைவுகூர்ந்த ஆண்டாகும். அவ்வாண்டு யூலை இறுதியில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, அம்முன்னோர் நடந்து வந்த தடத்தை நினைவிற்கொண்டு ஒரு நடைபயணம் புறப்பட்டது. காணியுரிமை, வீட்டுரிமை, வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம், சமத்துவமான குடியுரிமை என்பன அப்பயணத்தார் முன்வைத்த கோரிக்கைகளுட் சில. ஏறத்தாழ அதே காலப்பகுதியில், கண்டி மாவட்டத்துப் புசல்லாவையில் நயப்பன தோட்டத்தைச் சேர்ந்த அசானி என்னும் பாடசாலை மாணவி, சென்னையில் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் பாட்டுப் போட்டி மேடையிலே பாடினார். இவ்விரு நிகழ்ச்சிகளுள் எதனைப் பற்றி நாம் அதிகம் பேசினோம்? விடுதி அறைகளிலும், சிற்றுண்டிச்சாலையிலும், விரிவுரையாளர் ஓய்வறையிலும் எது நம் நாவில் நின்றது? நெஞ்சிற் கைவைத்து விடை கூறுவோமாயின் வெட்கப்படவே நேரும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இக்கண்டனம் அச்சிறுமியை நோக்கியதன்று. அவருடைய குரலும் உழைப்பும் அவருக்கே உரியன. அவற்றால் அவர் பெற்ற புகழ் அவர் பெறவேண்டிய புகழே. அவ்வாண்டு டிசம்பரில் அப்போட்டியின் பட்டத்தை வென்ற, யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷாவுக்கும் இது பொருந்தும். நம்முடைய வினா வேறு. பாடுகின்ற பிள்ளையை விக்கிரகமாக்கித் தோளிற் சுமந்து, விழா முடிந்ததும் இறக்கி வைத்துவிட்டுப் போகின்ற நம்மைப் பற்றியது அவ்வினா.

'விக்கிரகம்' என்னுஞ் சொல்லை இங்கு அலங்காரத்துக்காக ஆளவில்லை. யப்பானில் இளம் பாடகரை அப்பெயராலேயே அழைக்கின்றனர். 1964இல் அங்குத் திரையிடப்பட்ட பிரெஞ்சுப் படமொன்றின் தலைப்பு வழியாகப் பரவிய சொல் அது. 1971இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி நிலையமொன்று 'நட்சத்திரப் பிறப்பு' எனப் பொருள்படும் போட்டியொன்றைத் தொடங்கியது. இறுதிச் சுற்றில் சிறுமியொருத்தி மேடையில் நிற்பாள். எதிரே இசைத்தட்டு நிறுவனங்களினதும் நடிகர் முகவர் நிறுவனங்களினதும் ஆட்கள் அமர்ந்திருப்பர். அவளை வேண்டுவோர் தத்தம் நிறுவனப் பெயர் எழுதிய அட்டையை உயர்த்துவர். நமது சந்தைகளில் ஏலம் கேட்போரைக் கண்டவர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அம்மேடையிலிருந்து எழுந்தவருள் தலையாயவர் மொமோயே யமகுச்சி. 1959இல் பிறந்தவர், தாயொருவரின் உழைப்பில், வறுமையில் வளர்ந்தவர். 1973இல், பதினான்கு வயதில், முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. அடுத்த ஆண்டே, பெண்ணொருத்தி தன்னிடமுள்ள மிக அரிய பொருளைக் காதலனுக்குக் கொடுப்பது பற்றிய பாடலொன்றை, பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயிற் பாடவைத்து விற்றனர். எழுதியோரும் விற்றோரும் வளர்ந்தவர், பாடியது பிள்ளை. ஆயினும் யமகுச்சியின் வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது அவருடைய புகழைவிட அவருடைய விலகலையே. 1980 ஒக்ரோபரில், தம் இருபத்தோராம் வயதில், தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் இறுதி நிகழ்ச்சியை முடித்து, ஒலிவாங்கியை மேடைமீது கிடத்திவிட்டு அவர் நடந்தார். திருமணம் செய்து கொண்டார், மேடைக்கு மீளவேயில்லை. அவரது தொழில் வாழ்வில் முழுக்க முழுக்க அவருக்கே உரியதாயிருந்த செயல் அதனை முடித்துக்கொண்ட செயலே என்று தோன்றுகிறது.

எல்லோர்க்கும் அவ்விலகல் வாய்க்கவில்லை. 2013இல் ஓர் இளம்பெண், ஆண் நண்பர் வீட்டில் இரவு தங்கினார் என்ற செய்தி வெளிவந்தமைக்காகத் தம் தலையை மழித்துக்கொண்டு, அழுதபடி இரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். யப்பானின் புகழ்பெற்ற பாட்டுக் குழுவொன்றின் உறுப்பினர் அவர். விக்கிரகத்துக்குக் காதல் விலக்கு. ஏனெனில் அது விலை கொடுத்தோர் அனைவர்க்கும் பொதுச்சொத்து! ஆண் பிள்ளைகளின் நிலையும் வேறன்று. ஆண் பாடகர் குழுக்களை உருவாக்கிய பெரு நிறுவனமொன்றின் தலைவரான ஜொனி கிட்டகாவா, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என்று 1999இல் வார இதழொன்று எழுதியது. அக்குற்றச்சாட்டின் அடிப்படை உண்மையென்ற தீர்ப்பு 2004இல் உறுதியாயிற்று. எனினும் பெரும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வாய் திறக்கவில்லை. விக்கிரகங்கள் அவற்றுக்கு வேண்டியிருந்தன. அவர் 2019இல் மறைந்தபின், 2023 செப்டெம்பரிலேதான் நிறுவனம் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. நூற்றுக்கணக்கானோர் இழப்பீடு கோரி முன்வந்தனர். நாம் இங்கு ஆரவாரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டு அது.

யப்பானுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகளுக்கு அத்தகைய தீங்கு நேர்ந்ததென்று எவரும் கூறவில்லை, நானுங் கூறவில்லை. பாடும் பிள்ளை பண்டமாகும் முறையையே ஒப்புநோக்குகிறேன். அங்கே போட்டியின் பின்னர் ஒரு நிறுவனம் பிள்ளையைப் பொறுப்பேற்கிறது, பயிற்றுகிறது, கடுமையான நிபந்தனைகளோடேனும் ஊதியம் தருகிறது. அது சுரண்டலே, ஆயினும் அச்சுரண்டலுக்கு ஓர் ஒப்பந்தமேனும் உண்டு. தமிழ்த் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளில் போட்டியே தொழில். ஒரு பருவம் முடிகிறது. மறு பருவத்திற்கு மறு பிள்ளைகள். வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் அடுத்த பருவத்தின் முதல் விளம்பரத்தோடு மங்கத் தொடங்குகின்றன.

இப்போட்டிகளில் விற்பனையாவது குரல் மட்டுமா? பாட்டுக்கு முன்னர் வீடு காட்டப்படும். தாயின் கண்ணீர் அண்மைக் காட்சியிற் காட்டப்படும். நடுவர் எழுந்து வந்து அணைப்பர். இது ஒரு நிகழ்ச்சியின் குறையன்று. இவ்வகை நிகழ்ச்சிகள் அனைத்தின் இலக்கணமாகிவிட்டது. லயன் அறையில் பிறந்த பிள்ளைக்கு இவ்விலக்கணம் இரட்டிப்புக் கொடுமை செய்கிறது. அவள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் "இவ்வறுமையிலும் இப்படிப் பாடுகிறாளே" என்றே கேட்கப்படுகிறாள். சுருதியும் தாளமும் பின்னே போக இரக்கம் முன்னே வருகிறது. இரக்கப்படுவோர் இலயன் அறை ஏன் இன்னும் லயன் அறையாகவே இருக்கிறதென்று கேட்பதில்லை. நாட்கூலி 1000 ரூபா என்பதே நெடும் போராட்டத்தின் பின் 2021இலேதான் கிடைத்ததென்பதை எந்த நடுவரும் கூறுவதில்லை. கண்ணீர் துடைக்கப்பட்டதும் கடன் தீர்ந்ததென்று நாமும் உறங்கப் போகிறோம்.

இந்நாட்டுத் தமிழரிடம் தமக்கெனச் சொந்தமான சனரஞ்சக இசை இருக்கவில்லையா? 1970களில் பொப்பிசை இங்கு ஓர் அலையாகவே எழுந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில், ஊர்ப்பேச்சு மொழியில் பாடினர். 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்தது. மனோகரனைப் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று மக்கள் கொண்டாடினர். பின்னர் அவர் கடல் கடந்தார். இங்கே சக்கரவர்த்தியாயிருந்தவர், தமிழகத் திரையுலகிற் பெரும்பாலும் வில்லனாகவும் வில்லனின் கையாளாகவும் தோன்றினார். 2018 சனவரியில் சென்னையிலே மறைந்தார். சென்னையின் முத்திரை கிட்டினாலே கலைஞன் ஆவான் என்னும் நம் அடிமை மனப்பான்மைக்கு அவர் வாழ்வு ஒரு பாடமாதல் வேண்டும். தன் வீட்டில் ஆசனமில்லாதவனுக்கு அயல்வீட்டில் கிடைப்பது திண்ணையே.

மலையகத்துக்கு வருவோம். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களிலே பாடியவர். 1939இல் அரசாங்கம் இந்திய நாட்கூலியாளரை வேலைநீக்கஞ் செய்த காலத்தில், மக்கள் அறிந்த மெட்டுகளில் அவர்தம் துயரையும் உரிமையையும் பாட்டாக்கினார். அப்பாடல்கள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூலாக வெளிவந்தன. அவரும் பாடகியே, அவருக்கும் கூட்டம் திரண்டது. ஆனால் அக்கூட்டம் அவரைப் பார்த்து இரங்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டுத் தன்னிலையை உணர்ந்தது. குரலுக்கும் விக்கிரகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குரல் கேட்போரை எழுப்பும்; விக்கிரகம் கேட்போரைக் கும்பிட வைக்கும்.

இவ்விடத்து இரு மறுப்புகள் எழும். வாய்ப்பற்ற பிள்ளைக்கு வந்த ஒரே வாய்ப்பையும் பறிக்கலாமா என்பது முதலாவது. பறிக்கச் சொல்லவில்லை, வாய்ப்பு ஒன்றே ஒன்றாயிருப்பதைத்தான் கண்டிக்கிறோம். கொழுந்துக் கூடைக்கும் தொலைக்காட்சி மேடைக்கும் இடையே வேறு படியே இல்லாத ஒரு சமூகத்தில், ஆயிரம் பிள்ளைகளுள் ஒருத்தி தாவி ஏறினாள் என்பது எஞ்சியோர்க்கு ஆறுதலாகாது. சினிமாப் பாட்டும் பொப்பும் கீழ்த்தரமானவை, அவற்றைப் பற்றிப் பல்கலைக்கழக மலரில் எழுதுவதேன் என்பது இரண்டாவது. இது நம்மவர் சிலரின் பழைய நோய். மக்கள் விரும்பும் இசையை இகழ்வோர், அதனை வணிகரிடம் முழுமையாகக் கையளித்துவிடுகின்றனர். மீனாட்சி அம்மை மக்கள் அறிந்த மெட்டையே எடுத்தாண்டார் என்பதை இவர்கள் மறத்தல் ஆகாது.

பேராதனைக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. இவ்வளாகத்திலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்து அண்ணாவியாரை அழைத்து மாணவர்க்குக் கூத்துப் பயிற்றுவித்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என அக்கூத்துகள் அரங்கேறின. எழுத்தறிவு குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட கலைஞர் இங்கே ஆசிரியராக நின்றார். எவரும் அவர் வறுமையைக் காட்டிக் கைதட்டல் கேட்கவில்லை. அவர் கலையையே கேட்டனர். அது மட்டக்களப்புக் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு. பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலேயே புசல்லாவை இருக்கிறது. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் அத்தோட்டப்புறங்களிலே வழங்கிவந்த கலைகள். சி. வி. வேலுப்பிள்ளை தேடித்தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் நம் நூலகத் தட்டில் உறங்குகின்றன; ஆய்வுக்கட்டுரையின் அடிக்குறிப்பில் விழித்தெழுந்து மறுபடியும் உறங்குகின்றன. பாட்டு நமக்கு ஆய்வுப் பொருள். பாடுகிறவர் நமக்கு யாருமல்லர்.

ஆகவே தமிழ்ச் சங்கத்தின் முன் மூன்று கடமைகளை வைக்கிறேன். நமது கலை விழாவிலே தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பாடுவதற்கு ஆண்டுதோறும் இடம் வேண்டும். அறிமுகத்தில் பெயரும் பாடசாலையும் பாட்டும் மட்டுமே கூறப்படல் வேண்டும், தந்தையின் கூலி கூறப்படலாகாது. தப்படிப்போரையும் கூத்துப் பயிற்றுவோரையும் உரிய ஊதியத்தோடு ஆசிரியராக அழைத்தல் வேண்டும். தொலைக்காட்சிக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர் கையொப்பமிடும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, படிப்பு என்னாகும், பாட்டின் வருமானம் யாருக்கு என்பவற்றைச் சட்டம் பயின்ற நம் நண்பர்கள் அவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். இவற்றுக்குக் கோடி ரூபா தேவையில்லை. கம்பளை பஸ்ஸில் ஏறுவதற்கு மனம் வேண்டும்.

அடுத்த பருவத்திலும் ஒரு பிள்ளை மேடையேறும். நாம் மீண்டும் கைதட்டுவோம்; தட்டத்தான் வேண்டும். ஆனால் அப்பிள்ளை பாடி முடித்து வீடு திரும்பும் நாளில், அவளுக்குப் பாடக் கற்பிக்க ஓர் ஆசிரியரும், பாட ஒரு மேடையும், "போதும்" என்று சொல்லி விலக ஓர் உரிமையும் இங்கே காத்திருக்குமா? அதற்கு விடை கூறாதவரை நம் கைதட்டல் வெறும் ஓசையே.